அருந்ததியை யார் பார்த்தார்கள்?

நமது நாட்டுப் புரோகிதக் கலியாணங்களில் அம்மி மிதித்து அருந்ததி காட்டுவது என்று ஒரு சடங்கு நடப்பது யாவரும் அறிந்ததே. காலை எட்டு மணிக்கோ ஒன்பது மணிக்கோ, வெயில் சுள்ளென்று அடிக்கும் வேளையில், கலியாண மண்டபத்தின் கான்கிரீட் கூரைக்கு அடியில் நின்றுகொண்டு, "அதோ அருந்ததி" என்று புரோகிதர் விரலை நீட்டுவார். மாப்பிள்ளை தெரிகிறது என்பான். மணப்பெண்ணும் தலையை ஆட்டுவாள். வீடியோ எடுக்கிறவர் சரியாக விழவில்லை, இன்னொரு தரம் பாருங்கள் என்றால், இன்னொரு தரமும் அதே கூரையில் அதே நட்சத்திரம் தெரியும்.

இந்தக் கூத்தை மேடையில் சொல்லிச் சிரிக்க வைப்பது எனக்கு இருபது வருஷத்துப் பழக்கம். சென்ற வருஷம் பங்குனி மாதத்தில் விழுப்புரம் ஜில்லாவில் ஒரு கிராமத்திலும் அப்படியே பேசினேன். ஜனங்கள் சிரித்தார்கள், கை தட்டினார்கள். கூட்டம் முடிந்து நான் சோடா குடித்துக்கொண்டிருக்கையில், எட்டாவதோ ஒன்பதாவதோ படிக்கும் ஒரு பெண் வந்து, "அய்யா, அந்த நட்சத்திரம் நெசமாவே இருக்குதா?" என்று கேட்டாள். "இருக்கிறது அம்மா" என்றேன். "நீங்க பாத்திருக்கீங்களா? எங்க இருக்குது, காட்டுங்க" என்றாள்.

தோழர்களே! நான் அண்ணாந்து பார்த்தேன். அந்த ஊரில் தெருவிளக்கு நாலைந்துதான். ஆகாயம் முழுதும் வாரி இறைத்தாற்போல் நட்சத்திரங்கள் கிடந்தன. அவற்றில் எது அருந்ததி என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. "தெரியாது அம்மா" என்று ஒப்புக்கொண்டேன். அந்தப் பெண் ஒன்றும் சொல்லாமல் போய்விட்டாள். திரும்பி வரும் பஸ்ஸில் எனக்குத் தூக்கம் வரவில்லை. புரோகிதர் பார்க்காததைப் பார்த்ததாகச் சொல்கிறார், மாப்பிள்ளை அதை நம்புகிறான். நான் பார்க்காததைப் பரிகாசம் செய்கிறேன், கூட்டத்தார் அதை நம்புகிறார்கள். இவ்விருவரில் நட்சத்திரத்தைக் கண்டவன் எவன்? காதால் கேட்டதை வைத்துக்கொண்டு நம்புகிறவனுக்கும், காதால் கேட்டதை வைத்துக்கொண்டே மறுக்கிறவனுக்கும் அந்த ஒரு விஷயத்திலாவது வித்தியாசம் என்ன இருக்கிறது?

"சென்னைப் பட்டணத்தில் ஆகாயம் எங்கே அய்யா தெரிகிறது? எல்லாம் ஒரே விளக்கு வெளிச்சம்" என்பது நானும் நெடுநாள் சொல்லி வந்த சாக்குதான். அதில் பாதி உண்மையும் உண்டு. நல்ல இருட்டில் வெறுங்கண்ணுக்கு ஒரே சமயத்தில் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட நட்சத்திரங்கள் தெரியக்கூடும். எங்கள் வியாசர்பாடி மொட்டை மாடியில் நின்று எண்ணினால் நூறைத் தாண்டுவது கஷ்டம். ஜான் பார்ட்டில் என்ற அமெரிக்க வானாய்வாளர் 2001ஆம் வருஷத்தில் ஆகாயத்தின் இருட்டை ஒன்று முதல் ஒன்பது வரை தரம் பிரித்தார். ஒன்று என்பது காட்டிலும் பாலைவனத்திலும் உள்ள சுத்தமான இருட்டு. எட்டும் ஒன்பதும் பெரும் பட்டணங்களின் நடுவில் உள்ள நிலைமை. நாம் குடியிருப்பது அந்தக் கடைசித் தரத்தில்தான்.

ஆனால் இதே பட்டணத்தின் பழைய யோக்கியதையையும் சொல்ல வேண்டும். 1792இல் கிழக்கிந்தியக் கம்பெனியார் நுங்கம்பாக்கத்தில் வானாய்வுக்கூடம் கட்டினார்கள். அங்கே நட்ட கருங்கல் தூணில் தமிழிலும் எழுத்து வெட்டியிருக்கிறது. அங்கே இருந்துகொண்டு பாக்சன் என்பவர் 1861இல் ஒரு சிறு கோளைக் கண்டுபிடித்து அதற்கு 'ஆசியா' என்று பெயர் வைத்தார். அங்கே வேலை பார்த்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867இல் ஒளி கூடிக் குறையும் ஒரு புது நட்சத்திரத்தைக் கண்டார். அவர் பஞ்சாங்கத்தைக் கையில் வைத்துக்கொண்டே அதன் கணக்குப் பிழை என்று வாதாடியவர் என்பதையும் மறக்கக் கூடாது. 1899க்குப் பிறகு அந்த வேலையெல்லாம் கொடைக்கானல் மலைக்குப் போய்விட்டது. நுங்கம்பாக்கத்தில் இன்று இருப்பது மழை வருமா வராதா என்று சொல்லும் ஆபீஸ்.

நிற்க. விளக்கு வெளிச்சம் எதைக் கெடுக்கிறது, எதைக் கெடுக்கவில்லை என்பதைப் பிரித்து அறிய வேண்டும். பால்வீதி, தூரத்து அண்டங்கள், வால்நட்சத்திரத்தின் மெல்லிய வால் ஆகிய மங்கலான சங்கதிகளெல்லாம் பட்டணத்தில் போய்விட்டன. அதற்குப் பரிகாரம் ஊரைவிட்டு வெளியே போவதுதான். ஆனால் சந்திரனை எந்தச் சோடியம் விளக்கும், எந்த எல்.இ.டி. விளக்கும் மறைக்க முடியாது. வியாழன், வெள்ளி, செவ்வாய், சனி ஆகியவையும் அப்படியே. இரட்டை நட்சத்திரங்களும் பெரும்பாலும் அப்படியே. கண்ணாடியில் உருப்பெருக்கத்தைக் கூட்டக் கூட்ட ஆகாயத்தின் சாம்பல் வெளிச்சம் பரந்து மங்கும். நட்சத்திரமோ புள்ளியாகவே நிற்கும். ஆகவே அருந்ததியைப் பார்க்கச் சென்னை ஒரு தடையே அல்ல.

நான் செய்தது இதுதான். கைப்பேசியில் ஸ்டெல்லேரியம் என்ற ஆகாயப் படத்தை இலவசமாக இறக்கிக்கொண்டேன். சித்திரை மாதத்தில் ஒரு நாள் இரவு பத்து மணிக்கு மாடியில் வடக்கே பார்த்து நின்றேன். மாலையிலேயே போகக் கூடாது. பகலெல்லாம் வெயில் குடித்த தளம் சூட்டைக் கக்கிக்கொண்டிருக்கும். அந்தச் சூட்டில் நட்சத்திரங்கள் நடுங்கும். தெருவிளக்கு கண்ணில் நேரே படாதபடி தண்ணீர்த் தொட்டியின் நிழலில் நிற்க வேண்டும். கண் இருட்டுக்குப் பழக இருபது நிமிஷமாவது பிடிக்கும். நடுவில் கைப்பேசியை வெளிச்சமாகத் திறந்தால் அந்த இருபது நிமிஷமும் வீண்.

வடக்கே பாதி உயரத்தில் சப்தரிஷி மண்டலம் தெரிந்தது. ஏழு நட்சத்திரங்கள் ஒரு அகப்பை போல இருக்கும். அந்த அகப்பைக் காம்பின் நுனியிலிருந்து இரண்டாவது எதுவோ அதற்கு வசிஷ்டர் என்று நம்மவர்கள் பெயர் வைத்தார்கள். மேனாட்டார் மிசார் என்கிறார்கள். அதன் பக்கத்தில் ஒட்டினாற்போல் இருக்கும் அல்கோர் என்ற மங்கலான சிறு நட்சத்திரமே நம் அருந்ததி. என் நாற்பது வயதுக் கண்ணுக்குச் சென்னை வெளிச்சத்தில் ஒன்றுதான் தெரிந்தது. ஒரு தோழரிடம் பைனாகுலர் இரவல் வாங்கி, மாடிக் கைப்பிடிச் சுவரில் முழங்கையை ஊன்றிப் பார்த்தேன். இரண்டு! பளிச்சென்று இரண்டு!

பிறகு வேறொருவரின் சிறு டெலஸ்கோப்பில் பார்த்தபோது வசிஷ்டரே இரண்டாகப் பிரிந்துவிட்டார். இதை 1617லேயே கலிலியோவின் நண்பர் காஸ்டெல்லி கண்டிருக்கிறார். அதற்குப் பின் நட்சத்திர ஒளியைப் பட்டகத்தில் பிரித்துப் பார்க்கும் முறை வந்தது. அந்த இரண்டில் ஒன்று உண்மையில் இரண்டு என்று 1889இல் பிக்கரிங் அறிவித்தார். மற்றதும் இரண்டே என்று பின்னால் தெரிந்தது. 2009இல் அருந்ததிக்கும் ஒரு துணை நட்சத்திரம் அகப்பட்டது. ஆக மொத்தம் ஆறு சூரியன்கள்! வசிஷ்டர் ஒருவரே நாலு பேர்; அருந்ததி இரண்டு பேர். பதிவிரதைக்கு உதாரணமாகப் பெண்ணுக்கு மாத்திரம் காட்டப்படுகிற குடும்பத்தின் கணக்கு இப்படி இருக்கிறது. அவற்றின் ஒளி நம் கண்ணுக்கு வந்து சேரச் சுமார் 80 வருஷம் பிடிக்கிறது.

இதைவிட வேடிக்கை ஒன்று. கலியாணங்கள் மலிந்த வைகாசி மாதத்துக் காலை முகூர்த்த வேளையில் அருந்ததி எங்கே இருக்கிறது என்று அதே ஸ்டெல்லேரியத்தில் நேரத்தைத் திருப்பிப் பார்த்தேன். காலை ஆறு மணி முதல் பத்து மணி வரை எந்த நேரத்தை வைத்தாலும், அது சென்னையில் அடிவானத்துக்கும் கீழே போய்க் கிடக்கிறது! அதாவது புரோகிதர் விரலை மேலே நீட்டுகையில் அருந்ததி மணப்பெண்ணின் காலுக்கு அடியில், பூமிக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. பகல் வெளிச்சம் மறைக்கிறது என்று சமாதானம் சொல்வதற்குக்கூட இடமில்லை. இருபது வருஷம் பேசிய எனக்கு இந்த ஆதாரம் தெரியாமல் போனதற்குக் காரணம், நான் ஒரு நாளும் பார்க்க முயலாததே அல்லாமல் வேறு என்ன?

இனி, பார்க்க ஆசைப்படுகிறவர்கள் சாமான் வாங்குகிற விஷயம். இதில் பித்தலாட்டம் ஏராளம். "525 மடங்கு பெரிதாகக் காட்டும்" என்று பெட்டியில் அச்சிட்டு விளையாட்டு டெலஸ்கோப்புகளை விற்கிறார்கள். முன்புறக் கண்ணாடி எத்தனை மில்லிமீட்டர் அகலமோ அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் பெரிதாக்கினால் வெறும் மங்கல்தான் பெரிதாகும். அறுபது மில்லிமீட்டர் கண்ணாடியில் 525 மடங்கு என்கிறவன் தாயத்து விற்கிறவனின் சகோதரன். போதாததற்கு அதன் முக்காலி, பக்கத்தில் ஒருவர் இருமினாலும் ஆடும். எனவே முதலில் ஒன்றும் வாங்காமல் ஒரு மாதம் வெறுங்கண்ணால் பழகுங்கள். பிறகு சில ஆயிரம் ரூபாயில் பத்துக்கு ஐம்பது என்று எழுதிய பைனாகுலர் ஒன்று போதும். பத்து மடங்கு பெரிதாக்கும், ஐம்பது மில்லிமீட்டர் கண்ணாடி என்பது அதன் பொருள். நாலு பேர் சேர்ந்து வாங்கினால் இன்னும் நல்லது. ஆனால் அதைக்கொண்டு சூரியனை மாத்திரம் ஒரு விநாடியும் பார்க்காதீர்கள். போன கண் திரும்பாது.

டெலஸ்கோப்புக்குப் பணம் இல்லை என்கிறவர்களுக்கு ஜான் டாப்சன் கதையைச் சொல்ல வேண்டும். அவர் 1944இல் அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோ பட்டணத்து வேதாந்த சங்க மடத்தில் துறவியாய்ச் சேர்ந்தார். பழைய கப்பல் ஜன்னல் கண்ணாடியைக் கையாலேயே தேய்த்து ஆடியாக்கினார். அட்டைக் குழாயில் பொருத்தினார். ஒட்டுப்பலகைப் பெட்டிமேல் ஏற்றினார். இரவில் மடத்தைவிட்டு வெளியே வந்து தெருவில் போகிறவர்களுக்குச் சந்திரனைக் காட்டினார். மடத்தார் 1967இல் அவரை வெளியே அனுப்பிவிட்டார்கள். மறு வருஷமே அவர் நண்பர்களுடன் நடைபாதை வானாய்வாளர்கள் என்ற சங்கம் கண்டார். விளக்கு நிறைந்த அதே பட்டணத்தின் நடைபாதையில் நின்றுகொண்டுதான் பல்லாயிரம் பேருக்குச் சனியின் வளையத்தைக் காட்டினார். 2014இல் 98ஆம் வயதில் இறக்கும் வரையில் அவர் தம் வேதாந்தக் கொள்கையை விடவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதனால் நமக்கு நஷ்டமில்லை. அவர் காட்டிய மரப்பெட்டி முறைதான் இன்று ஏழைக்கும் எட்டுகிற நல்ல டெலஸ்கோப்பாக உலகமெங்கும் அவர் பெயரால் வழங்குகிறது.

எதைப் பார்ப்பது? சந்திரனைப் பௌர்ணமியில் பார்க்காதீர்கள். அன்று நிழலே இல்லாமல் வெள்ளைத் தட்டாய் இருக்கும். அமாவாசை கழிந்து ஏழு, எட்டு நாளில் பாதிச் சந்திரனாய் இருக்கும்போது, வெளிச்சமும் இருட்டும் சந்திக்கிற எல்லைக்கோட்டில் பள்ளங்களும் மலைகளும் நிழலோடு எழுந்து நிற்கும். அதைப் பார்த்த பிறகு ராகு விழுங்கிக் கக்குகிற பதார்த்தம் இதுதான் என்று எவரும் சொல்லத் துணியமாட்டார்கள். ராகு, கேது என்பவை உலகத்திலுள்ள எந்தப் பெரிய டெலஸ்கோப்பிலும் தெரியமாட்டா. ஏனெனில் அவை பொருள்களே அல்ல. சந்திரன் போகிற பாதையும் சூரியன் போவதாகத் தோன்றும் பாதையும் வெட்டிக்கொள்கிற இரண்டு இடங்கள். இரண்டு தெரு சந்திக்கும் முனைக்குப் பாலாபிஷேகம் செய்வதை என்னவென்பது?

குருப்பெயர்ச்சி என்றால் கோயிலில் வரிசை தெருமுனை வரையில் நிற்கிறது. நின்றவர்களில் குருவை, அதாவது வியாழனை, இன்றிரவு ஆகாயத்தில் காட்டக்கூடியவர் எத்தனை பேர்? பைனாகுலரை ஆடாமல் பிடித்தால் அதன் பக்கத்தில் கோடு பிடித்தாற்போல் நாலு சிறு புள்ளிகள் தெரியும். கலிலியோ 1610 ஜனவரியில் கண்ட நாலு சந்திரன்கள் அவை. மறுநாள் அதே நேரம் பாருங்கள். புள்ளிகள் இடம் மாறியிருக்கும். எல்லாம் பூமியையே சுற்றுகின்றன என்ற பழைய சாஸ்திரம் அந்த நாலு புள்ளிகளால் ஆட்டம் கண்டது. சனியின் வளையத்துக்குச் சிறு டெலஸ்கோப் வேண்டும். 2025 மார்ச்சில் அந்த வளையம் விளிம்பை நம் பக்கம் காட்டிக் கோடாய் மெலிந்திருந்தது. இனிச் சில வருஷங்களுக்கு அது விரிந்துகொண்டே வரும். செவ்வாய் சிறிய ஆரஞ்சு வட்டம். அங்கே இறங்கி ஊர்கிற யந்திரங்கள் கல்லையும் மண்ணையும் பற்றி எழுதி அனுப்புகின்றனவே தவிர, எந்தப் பெண்ணின் கலியாணத்தைப் பற்றியும் இதுவரை ஒரு வரி அனுப்பவில்லை.

புகைப்படம் எடுக்கும் விஷயம் இன்னும் சுவையானது. 1857இல் ஹார்வர்டு வானாய்வுக்கூடத்தார் இதே மிசார்–அல்கோர் சோடியைத்தான் கண்ணாடித் தகட்டில் படம் பிடித்தார்கள். அன்று ஒரு பெரிய வானாய்வுக்கூடம் செய்ததை இன்று நம் கைப்பேசி செய்யும். கைப்பேசியை இரண்டு செங்கல்லுக்கு நடுவே சாய்த்து வைத்து, இரவுப் படம் எடுக்கும் முறையில் பத்து விநாடி திறந்திருக்கும்படி வைக்க வேண்டும். விரல் பட்டால் ஆடும்; ஆகையால் மூன்று விநாடி கழித்துத் தானே எடுக்கும்படி அமைக்க வேண்டும். சந்திரனுக்கு இது நேர் விரோதம். டெலஸ்கோப்பின் கண்வில்லையில் கைப்பேசியை வைத்து, வெளிச்சத்தை நன்றாகக் குறைத்து, நொடிக்கும் குறைவாய் எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் வெள்ளைத் தட்டுதான் விழும்.

பட்டணத்து ஆகாயத்தில் ஒரு படத்தை நீள நேரம் திறந்து வைத்தால் எல்லாம் வெளுத்துப்போகும். அதற்கு உபாயம், குறுகிய நேரப் படங்களை நூறு எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவது. டீப்ஸ்கைஸ்டேக்கர் என்ற இலவசக் கம்ப்யூட்டர் ஏற்பாடு இதைச் செய்கிறது. நட்சத்திரம் எல்லாப் படத்திலும் இருக்கும். கேமராவின் புள்ளிக் குப்பை படத்துக்குப் படம் மாறும். நூறு படத்தை அடுக்கினால் குப்பைக்கு எதிரே நட்சத்திரத்தின் கை பத்து மடங்கு ஓங்கும். ஒரு சாட்சி சொன்னால் போதாது, நூறு சாட்சிகள் ஒத்துச் சொல்வதை மாத்திரம் எடுத்துக்கொள் என்பதே இந்த முறை. இப்படித்தான் மார்கழியில் ஓரியன் மண்டலத்து ஒளிமேகத்தை எங்கள் மாடியிலிருந்து படத்தில் கொண்டுவந்தோம். அந்தப் பக்கத்து ஆகாயம் எங்கள் கண்ணுக்கு வெறும் சாம்பல் நிறம்.

ஒரு எச்சரிக்கை. சில கைப்பேசிகள் சந்திரனைக் கண்டவுடன், லென்சில் விழாத பள்ளங்களையும் மலைகளையும் தாமே வரைந்து சேர்த்துவிடுகின்றன. 2023இல் ஒருவர் வேண்டுமென்றே மங்கலாக்கிய சந்திரன் படத்தைத் திரையில் வைத்து எடுத்து இதை அம்பலப்படுத்தினார். காட்சியைத் தானே மெருகேற்றும் அந்த ஏற்பாட்டை அணைத்துவிட்டு எடுங்கள். இல்லாததை இருப்பதாகக் காட்டுகிற யந்திரத்தைக் காசு கொடுத்து வாங்கி வைத்துக்கொண்டு புரோகிதரை மாத்திரம் குறை சொல்ல முடியாது.

விளக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. தெருவை இருட்டாக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. இரவு வேலை முடிந்து தனியாய் வீடு திரும்புகிற பெண்ணுக்கு விளக்கு வேண்டும். ஆனால் அந்த விளக்கு அவள் காலடியில் விழ வேண்டுமே அல்லாது மேகத்தில் விழுந்து யாருக்கு லாபம்? மேலே ஒரு தகடு மறைப்பு இருந்தால் குறைந்த மின்சாரத்தில் தெரு இன்னும் நன்றாய்த் தெரியும். பழைய மஞ்சள் சோடியம் வெளிச்சத்தையாவது வடிகட்டும் கண்ணாடி ஒன்றால் தள்ளிவிட்டுப் படம் எடுத்தார்கள். இப்போது வந்துள்ள வெள்ளை எல்.இ.டி. எல்லா நிறத்தையும் கலந்து கொட்டுவதால் அந்த வடிகட்டிக்கும் வேலை குறைந்துபோயிற்று. கோயில் திருவிழா சீரியல் விளக்குகளையும் கட்அவுட் விளக்குகளையும் திட்டுவதற்கு முன், நம் கூட்டங்களுக்கு நாம் கட்டுகிற ஃப்ளட் லைட் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று தோழர்கள் கவனிக்க வேண்டுகிறேன். எங்கள் தெருவிளக்குக்கு மறைப்பு கேட்டு ஒரு அலுவலகத்தில் மனுக் கொடுத்து எட்டு மாதமாகிறது. விளக்கு எரியவில்லை என்றால் எழுதிக் கொடுங்கள், எரிகிறது என்று எழுதிக் கொடுக்கிறீர்களே என்று அங்கிருந்தவர் கேட்டார்.

கிராமத்துத் தோழர்கள் இந்தத் தொல்லை ஏதும் இல்லாமல் அந்தச் செல்வத்தின்மேல் பாய் போட்டுத் தூங்குகிறீர்கள். அந்தப் பெண்ணின் கேள்விக்குப் பதில் பாக்கி இருந்ததால், அவள் ஊர்த் தோழர் மூலமாக நான் எடுத்த அருந்ததி படத்தை அவளுக்கு அனுப்பினேன். அகப்பையின் ஏழும் அருந்ததியுமாகப் படத்தில் மொத்தம் எட்டுப் புள்ளிகள். எங்கே பார்க்க வேண்டும், எத்தனை மணிக்கு, செங்கல்லை எப்படி வைப்பது என்றும் எழுதினேன். பத்து நாளில் அவள் தன் அண்ணன் கைப்பேசியில் எடுத்த படம் வந்தது. அதே வடதிசை, அதே பத்து விநாடி. நானும் மாடியில் இருந்த இரண்டு தோழர்களும் அதை மாற்றி மாற்றிப் பெரிதாக்கிப் பார்த்தோம். அத்தனை நட்சத்திரங்களுக்கு நடுவே வசிஷ்டர் எது, அருந்ததி எது என்று எங்களுக்குக் கண்டுபிடிக்க முடியவில்லை. கடைசியில் அவளிடமே கேட்டு, அவள் சிவப்பு வட்டம் போட்டு அனுப்பிய பிறகுதான் தெரிந்துகொண்டோம்.